விண்மீன்களுக்கு அப்பால் அறிவுடையோர்



1960-ஆம் ஆண்டில் பிராங்க் டிரேக் என்னும் இளம் வானியலார், அமெரிக்காவின் கிரீன் பேங்க் என்னும் ஊரிலிருந்த வானொலித் தொலைநோக்கியை அருகிலுள்ள விண்மீன்கள் இரண்டின்பால் திருப்பி, அறிவுடையோர் விடுக்கும் குறி ஏதேனும் வருமோ எனச் செவிசாய்த்தார். ஒன்றும் வரவில்லை. மறு ஆண்டு அதே ஊரில் அறிஞர் சிலர் கூடியபோது, அத்தகையோர் எத்துணையர் எனக் கணிக்க ஏழு காரணிகளைப் பெருக்கும் சமன்பாடு ஒன்றை முன்வைத்தார். விண்மீன்கள் பிறக்கும் வேகமும் கோள்கள் அமையும் அளவும் இன்று ஓரளவு தெளிந்துவிட்டன. பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் 5,000-க்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. என் உள்ளத்தை அலைக்கழிப்பது ஏழாவது காரணியே: செய்தி விடுக்கும் ஆற்றல் பெற்ற ஒரு சமுதாயம் எத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கும்?

நம்மையே எடுத்துக்கொள்வோம். புவியில் உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. நாம் வானொலி கற்று ஏறத்தாழ 130 ஆண்டுகளே. அதற்குள் அணுகுண்டையும் செய்துவிட்டோம்! இரு விளக்குகள் ஒரே இரவில் எரிந்தாலன்றோ ஒன்றன் ஒளி மற்றொன்றை எட்டும்?

ஆகவே, உயிர் வேறெங்கேனும் இருத்தல் கூடும். அறிவுடையோர் நம் காலத்திலேயே, நமக்கு எட்டும் தொலைவிலேயே இருத்தல் அரிது என்பது என் துணிபு. 1974-இல் அரெசிபோவிலிருந்து எம்13 என்னும் விண்மீன் கொத்தை நோக்கி விடுத்த செய்தி அத்தொலைவைக் கடக்கவே ஏறத்தாழ 25,000 ஆண்டுகள் ஆகும். மறுமொழி வருவதற்கு மேலும் அத்தனை ஆண்டுகள்.