பனையேறி வீட்டு உலை



பசித்தார்க்குச் சோறிடுதல் தமிழர்க்குப் புதிதன்று. அமுதசுரபி ஏந்திய மணிமேகலை சோறிட்டதோடு நின்றாளல்லள். சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றுவித்தாள். சோறு அன்றைய பசியைத் தணிக்கும். பசியை விளைக்கும் நிலையை மாற்றுவதே நிலைத்த அறம். இந் நெறியைப் பனையேறும் மக்களின் வாழ்வோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

பனையேறியின் உழைப்பு எளியதன்று. தளைநாரைக் காலில் மாட்டி, மார்பு மரத்தில் உராய ஏறுகின்றான். காலையும் மாலையும் பாளை சீவுகின்றான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவின் வடிவது பதநீர். தடவாவிடின் அதே சாறு புளித்துக் கள்ளாகும். பதநீரை அவன் மனைவி அடுப்பின் வெம்மையில் நின்று காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குகின்றாள். இவ் வேலையும் ஆண்டு முழுவதும் இல்லை. பருவம் ஓய்ந்து மழை தொடங்கிவிடின் உலை வைக்க வழியின்றி வணிகரிடம் முன்பணம் பெறுவோர் பலர். அடுத்த பருவத்துக் கருப்பட்டி, வணிகர் சொன்ன விலைக்கே போய்விடுகின்றது.

2020 மார்ச்சு 25-இல் தொடங்கிய ஊரடங்கு, பதநீர்ப் பருவத்தின் நடுவே வந்தது. சந்தைகள் மூடின, வழியோரத்தில் பதநீர் பருகுவாரும் இலர். அரசு குடும்ப அட்டைக்கு 1000 உருபாவும் அரிசியும் பருப்பும் வழங்கியது. நல்லுள்ளம் படைத்தோர் பலர் சிற்றூர்தோறும் அரிசி மூட்டை கொண்டு சென்றனர். அவர் கைகள் வாழ்க!

ஆயினும் அதே நாள்களில் நிகழ்ந்த மற்றொன்றையும் மறத்தல் ஆகாது. மே 7-இல் அரசின் குடிக்கடைகள் திறக்கப்பட்டன. மறுநாள் உயர்முறைமன்றம் மூடச் சொல்லிற்று. மே 15-இல் உச்சமுறைமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைக்க, கடைகள் மீண்டும் திறந்தன. பனையேறியின் கள்மரமோ 1987-இல் தடையுண்டபடியே நின்றது.

வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். குடியைப் போற்றுதல் எவர்க்கும் தகாது. ஆனால் ஏழையின் கலயத்துக்குத் தடை, ஆலையின் வெறிநீருக்கு 2003 முதல் அரசே கடை என்பது கள்ளுண்ணாமை ஆகுமா? கேரளத்தில் கள் இறக்குவோர்க்கென 1969-இலேயே நலநிதிச் சட்டம் செய்தனர். பீகார் 2016-இல் குடியை முற்றிலும் தடுத்தது; ஆயினும் 2018-இல், கள்ளும் நாட்டுச் சாராயமும் ஆக்கிப் பிழைத்த வறிய குடும்பங்கட்கு ஆடு மாடும் சிறுகடையும் கொடுத்து மாற்றுத் தொழிலுக்குத் திட்டம் வகுத்தது. விடுத்தால் காப்புக் கொடு. தடுத்தால் மாற்றுக் கொடு. இரண்டும் இன்றிச் சோற்றுப் பொட்டலம் மட்டும் நீட்டுவது முறையன்று.

ஈகையைப் பாடிய வள்ளுவரே இரவச்சமும் பாடினார். உழைத்துண்டவனை இரந்துண்பவன் ஆக்காமற் காப்பதும் ஈவோர் கடனே. ஆகலின், அரிசி கொண்டு செல்லும் வண்டி வெறுமையாய்த் திரும்புதல் கூடாது. நேர்விலை கொடுத்துக் கருப்பட்டி ஏற்றித் திரும்புக. பசித்தவனுக்கு அரிசி தருக; உழைத்தவனுக்கு விலை தருக. ஊர்தோறும் தமிழன்பர் பத்துப்பேர் கூடி ஒரு பொதுநிதி அமைப்பின், மழைத் திங்கள்களில் வட்டியில்லா முன்பணம் கொடுக்கலாம். வணிகர் பிடியும் தளரும். தமிழர் வீட்டு அடுக்களையில் ஆலைச் சீனி இருக்கும் இடத்தில் கருப்பட்டி அமர்க!

மொழி காப்போர்க்கும் இதில் பங்குண்டு. பாளை, குரும்பை, பன்னாடை, கருக்கு, தளைநார், கலயம் என்னும் தூய சொற்களை எந்த அகரமுதலியும் தனித்து நின்று காக்க இயலாது. பனையேறியின் நாவே அவற்றைக் காக்கின்றது. அவன் மகன் பிழைப்புத் தேடி நகருக்குப் போய்விடின், மரம் நிற்கும், சொல் நில்லாது.

எனவே தோழர்களே! தமிழைக் காக்க எழுந்த கைகள் பனையேறி வீட்டு உலையையும் காக்கட்டும். இன்று அரிசி, நாளை நேர்விலை, அதன்மேல் முறையான சட்டம். இவ் வரிசையில் ஒன்றும் குறையாது உழைப்போம்!

வாழ்க தமிழ்! வாழ்க உழைப்போர்!