21 நாள்களும் அதற்குப் பின்னும்: வீட்டில் கோழிக்குஞ்சு பொரித்தல்

தமிழ்க் குடியிருப்பாளருக்கான நூலக ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். இதில் கூறப்படும் சட்ட விபரங்கள் இங்கிலாந்துக்கு உரியவை.



யாழ்ப்பாணத்து வளவொன்றில் வளர்ந்த எவருக்கும் கோழி அடைகிடப்பது புதிய செய்தியன்று. குசினி மூலையில் ஒரு கடகம், அதனுள் வைக்கோல், அதன்மேல் பத்துப் பன்னிரண்டு முட்டைகள், அவற்றின்மேல் எவரையும் அண்டவிடாது சிலிர்த்துக்கொண்டு படுத்திருக்கும் அடைக்கோழி. இடிமுழக்கத்தில் முட்டை கூழாகிவிடும் என்று இரும்புத் துண்டொன்றையும் காய்ந்த மிளகாயையும் அருகில் வைத்த வீடுகளும் உண்டு.

இன்று அதே வேலையை மின்சாரத்தில் இயங்கும் சிறியதோர் இயந்திரம் செய்கிறது. இன்குபேட்டர் எனப்படும் அவ்வியந்திரத்தை வாங்க எவருடைய அனுமதியும் தேவையில்லை. தபாலில் முட்டையும் வரும், இயந்திரமும் வரும். ஆனால், 21ஆம் நாளுக்குப் பின் நிகழ்வனவற்றுக்குச் சட்டமும் அயலும் மனச்சாட்சியும் கணக்குக் கேட்கும். அக்கணக்கை முன்கூட்டியே பார்த்துக்கொள்வதே இவ்வுரையின் நோக்கம்.

விளக்கத்தின் பொருட்டு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தாய், தந்தை, ஒன்பது வயது மகன், ஊரிலிருந்து வந்து உடன் வாழும் அம்மம்மா. நெருக்கமான தெருவொன்றில் சிறு தோட்டத்துடன் கூடிய வீடு. பாடசாலை விடுமுறையில் மகனுக்குக் காட்டுவதற்காக 12 முட்டைகள் வாங்கப்படுகின்றன.

முட்டையைத் தேர்தல்

கடைகளில் விற்கப்படும் முட்டைகள் பெரும்பாலும் சேவலோடு சேராத பேடுகள் இட்டவை, அவற்றில் கருவில்லை. அடைவைப்பதற்கான முட்டைகளைக் கோழி வளர்ப்போரிடமே பெறவேண்டும். இட்டு ஏழு நாள்களுக்குள் அடைவைப்பது நன்று. அதுவரை குளிர்ந்த அறையில், மழுங்கிய முனை மேலிருக்குமாறு வைத்தல் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தலாகாது. கழுவுதலும் ஆகாது. ஓட்டின் மேலுள்ள இயற்கையான மெல்லிய பூச்சே கிருமிகளைத் தடுக்கிறது. தபாலில் குலுங்கி வந்த முட்டைகளை ஒரு நாள் முழுவதும் அசையாது வைத்திருந்த பின்னரே இயந்திரத்தில் இடவேண்டும். அந்த ஒரு நாளில் இயந்திரத்தை வெறுமையாக ஓடவிட்டு, வெப்பநிலை தளம்பாது நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

வெப்பம், ஈரப்பதன், திருப்புதல்

அடைக்கோழி தன்னியல்பாகச் செய்யும் மூன்று காரியங்களை இங்கு மனிதர் எண்ணிச் செய்யவேண்டும்.

முதலாவது வெப்பம். விசிறி பொருத்திய இயந்திரத்தில் 37.5 பாகை செல்சியஸ் வேண்டும். விசிறி இல்லாததில் மேற்புறக் காற்றுச் சூடாகவும் கீழ்ப்புறக் காற்றுக் குளிர்ந்தும் இருக்கும். ஆதலால் முட்டையின் மேல்மட்டத்தில் வெப்பமானியை வைத்து ஏறத்தாழ 38.5 பாகை இருக்குமாறு பார்க்கவேண்டும். சிறிது நேரம் வெப்பம் குறைவதைக் கரு பெரும்பாலும் தாங்கும், மிகுவதைத் தாங்காது. எனவே வெயில் விழும் யன்னலோரம் இயந்திரத்துக்கு உகந்த இடமன்று.

இரண்டாவது ஈரப்பதன். ஓட்டிலுள்ள நுண்துளைகளின் வழியே முட்டையின் நீர் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. மழுங்கிய முனையிலுள்ள காற்றறை அதற்கேற்பப் பெரிதாகிறது. குஞ்சு முதன்முதலில் மூச்செடுப்பது அக்காற்றறையிலிருந்தே. ஈரம் மிகுந்தால் காற்றறை சிறுத்துக் குஞ்சு உள்ளேயே மூழ்கும். குறைந்தால் உட்சவ்வு காய்ந்து அதனோடு ஒட்டிக்கொள்ளும். முதல் 18 நாள்களுக்கு 45 முதல் 50 வீதம் வரையும், இறுதி மூன்று நாள்களில் 65 முதல் 70 வீதம் வரையும் பொதுவாகப் பொருந்தும்.

மூன்றாவது திருப்புதல். முட்டையை அசையாது விட்டால் வளரும் கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிவிடக்கூடும். நாளொன்றுக்கு மூன்று அல்லது ஐந்து தடவை திருப்பவேண்டும். ஒற்றை எண்ணில் திருப்புவதற்குக் காரணம் உண்டு: நீண்ட இரவில் ஒரே பக்கம் நாள்தோறும் மேலிருப்பதை அது தவிர்க்கிறது. ஒரு பக்கத்தில் பென்சிலால் அடையாளமிட்டுக்கொண்டால் குழப்பம் நேராது.

ஏழாம் நாள்

அரிக்கன் லாம்பின் முன்னே முட்டையைப் பிடித்துப் பார்க்கும் வழக்கத்தை முதியோர் அறிவர். இன்று இருட்டறையில் ஒரு டோர்ச் போதும். கருவுள்ள முட்டையில் சிலந்தியின் கால்களைப்போலச் செந்நிற நரம்புகளும் நடுவே கரும்புள்ளியும் தெரியும். தெளிவாக ஒளிர்வது கருவற்றது. செவ்வளையம் மட்டும் தெரிந்தால் கரு தொடங்கி மடிந்துவிட்டது என்று பொருள். அத்தகையவற்றை அகற்றிவிடவேண்டும், கூழ்முட்டை வெடித்தால் அதன் கிருமிகள் ஏனையவற்றையும் கெடுக்கும். முட்டைகளை நாளுக்கொன்றாக உடைத்துப் பார்த்த கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், மூன்றாம் நாளளவில் குருதித் துளிபோல் இதயம் துடிப்பதை 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்தார். நம் கற்பனைக் குடும்பத்தின் 12 முட்டைகளில் மூன்று கருவற்றவை. ஒன்று இடையில் மடிந்தது. எட்டு எஞ்சின.

பதினெட்டாம் நாளுக்குப் பின்

18ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதனைக் கூட்டி, மூடியை மூடிவிடவேண்டும். பிறகு திறத்தலாகாது. குஞ்சு முதலில் காற்றறைக்குள் அலகை நீட்டும். அப்போது உள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்கும். பின்னர் ஓட்டில் ஒரு கீறல் விழும். அக்கீறலிலிருந்து முழுதாக வெளிவர ஒரு நாள்வரை செல்லலாம்.

இவ்வேளையில்தான் பொறுமை சோதிக்கப்படுகிறது. சிறுவன் ஓட்டை உரிக்கக் கைநீட்டுவான். அம்மம்மா அவன் கையைப் பிடித்துக்கொள்வார். காரணத்தை அவர் விளக்காதிருக்கலாம். ஆயினும் அவர் செய்வது சரியே. ஓட்டின் உட்சவ்வில் இன்னும் குருதி ஓடுகிறது. மஞ்சட்கரு இன்னும் குஞ்சின் வயிற்றுக்குள் முழுதாக இழுக்கப்படவில்லை. உரித்தால் குருதி கசிந்து குஞ்சு மடியக்கூடும். உள்ளிழுக்கப்பட்ட அம்மஞ்சட்கருவே வெளிவந்த பின் ஓரிரு நாள்களுக்கு அதன் உணவு. ஆதலால் குஞ்சு உலர்ந்து எழும்பும்வரை இயந்திரத்துக்குள்ளேயே விட்டுவைக்கலாம். பசிக்குமே என்று பதறவேண்டியதில்லை.

அதன் பின் வெப்பமூட்டிய பெட்டியொன்று தேவை. முதல் வாரம் ஏறத்தாழ 35 பாகை. பின்னர் வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைக்கலாம். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே நல்ல சாட்சி: ஒன்றோடொன்று நெருங்கிக் குவிந்தால் குளிர், வெப்பத்தை விட்டு ஓரம் ஒதுங்கினால் சூடு. வெப்ப விளக்குகளால் தீ மூளும் ஆபத்துண்டு. விளக்கைச் சங்கிலியால் உறுதியாகக் கட்டவேண்டும், அல்லது வெப்பத் தகட்டைப் பயன்படுத்தவேண்டும். நீர்த்தட்டில் கூழாங்கற்களை இட்டால் குஞ்சு மூழ்காது. வழுக்கும் செய்தித்தாளை மட்டும் விரித்தால் கால்கள் விரிந்து ஊனமாகலாம். குஞ்சுகளைத் தொட்ட ஒவ்வொரு முறையும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். அவற்றில் சல்மொனெல்லாக் கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்டோர் குஞ்சை முகத்தோடு அணைப்பதை அனுமதித்தலாகாது.

சட்டம் தொடங்கும் இடம்

2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் கருநிலையிலுள்ள உயிருக்குப் பொருந்தாது. முட்டைக்குள் இருக்கும்வரை இல்லாத சட்டக் கடமை, குஞ்சு வெளிவந்ததும் முழுமையாக வந்துசேர்கிறது. உணவு, இருப்பிடம், நோயிலிருந்து பாதுகாப்பு, இயல்பாக நடமாடும் வாய்ப்பு ஆகியவற்றை அளிப்பது பொறுப்பாளரின் கடமை. குஞ்சு பிள்ளையுடையது என்று சொல்லித் தப்ப இயலாது. 16 வயதுக்குட்பட்டவரின் விலங்குக்கு அவரைப் பராமரிக்கும் பெரியவரே சட்டத்தின்முன் பொறுப்பாளி.

2024 ஒக்டோபர் 1 முதல், ஒரேயொரு கோழியை வளர்ப்பவரும் அதனை அரசின் விலங்கு, தாவர நல முகவரகத்தில் பதிவுசெய்தல் கட்டாயமாகும். பறவைகளை வைத்திருக்கத் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் இதனைச் செய்யவேண்டும். பறவைக் காய்ச்சல் பரவும் காலங்களில் கோழிகளைக் கூரையின் கீழ் அடைத்துவைக்குமாறு ஆணை பிறப்பிக்கப்படலாம். வீட்டுக் கோழிகளுக்கும் அது பொருந்தும்.

அடுத்தது நம்மவர் பலரை வியப்பில் ஆழ்த்தும் விதி. வீட்டுக் குசினியினூடாகச் சென்ற எந்த உணவு மிச்சத்தையும் கோழிக்கு இடுவது இங்கு சட்டவிரோதம். மிஞ்சிய சோறு மட்டுமன்று, மரக்கறித் தோலும் இதனுள் அடங்கும். விலங்குப் பொருள் எதுவுமே, பாலும் முட்டையும்கூட, நுழையாத குசினிக்கு மட்டுமே விலக்குண்டு. தோட்டத்தில் பறித்த கீரையைக் குசினிக்குள் கொண்டுசெல்லாது நேரே இடலாம். விலங்கு நோய்கள் உணவு மிச்சத்தின் வழியே பரவுவதைத் தடுப்பதே இவ்விதியின் நோக்கம்.

வாடகை வீட்டில் வாழ்வோர் வாடகை ஒப்பந்தத்தையும், சொந்த வீட்டினர் காணி உறுதியிலுள்ள நிபந்தனைகளையும் வாசித்துப் பார்ப்பது நல்லது. சில பழைய உறுதிகளில் கோழி வளர்ப்புத் தடைசெய்யப்பட்டிருப்பதுண்டு.

சேவல்களின் கேள்வி

எட்டுக் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். இதனை எவராலும் மாற்ற இயலாது. நம் குடும்பத்தில் ஐந்து சேவல்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான இனங்களில் முதல் நாளில் வேறுபாடு தெரியாது. சில வாரங்களின் பின்னரே கொண்டை சிவந்து பெருக்கும். சில மாதங்களில் கூவத் தொடங்கும். கோடையில் இங்கு நாலரை மணிக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது.

அயலவர் முறையிட்டால் நகரசபை அதனை ஆராயக் கடமைப்பட்டுள்ளது. 1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவ்வொலி சட்டமுறைத் தொல்லை எனக் காணப்பட்டால், அதனை நிறுத்துமாறு அறிவித்தல் வழங்கப்படும். அதனை மீறுவது குற்றம். பொதுத் தோட்டத் துண்டுகளில் கோழி வளர்க்க 1950ஆம் ஆண்டின் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அச்சட்டம் பேடுகளைக் குறிக்கிறதேயன்றிச் சேவல்களையன்று.

ஊரில் இக்கேள்வி எழுந்ததில்லை. அங்கு சேவலுக்கு ஓர் இடம் இருந்தது: விற்கப்படும், கறியாகும், அல்லது வளவில் கூவித் திரியும். இங்கு அவ்வழிகள் எளிதல்ல. பூங்காவில் கொண்டுபோய் விடுவது குற்றமும் கொடுமையுமாகும். வீட்டில் அறுப்பதற்கும் கடுமையான விதிகள் உண்டு. அவற்றை அறியாது எவரும் கத்தி எடுத்தலாகாது. புகலிடங்கள் சேவல்களைச் சேர்ப்பது அரிது. கிறீம் லெக்பார் போன்ற சில இனங்களில் குஞ்சின் நிறத்தைக் கொண்டே முதல் நாளில் ஆண் பெண் பிரித்தறியலாம். ஆயினும் அது முடிவெடுக்கும் நாளை முன்தள்ளுமேயன்றி, முடிவை நீக்காது. பாடசாலைகளில் குஞ்சு பொரித்துக் காட்டும் திட்டங்களை ஆர்.எஸ்.பி.சி.ஏ. ஊக்குவிக்காமைக்கு இவையெல்லாம் காரணங்களாகும்.

ஆகவே, முட்டையை இயந்திரத்தில் இடுவதற்கு முன் குடும்பத்தினர் ஒன்றாக அமர்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை காணவேண்டும். பொரிக்கும் குஞ்சுகள் அனைத்துக்கும் இடம் உண்டா? சேவல்களைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக முட்டை தந்தவர் எழுத்தில் உறுதியளித்துள்ளாரா? நோயுற்றால் காட்டுவதற்குக் கோழிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் அருகில் உள்ளாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் தொடங்கலாம். ஒன்றுக்கேனும் இல்லை என்றால், முட்டையிடும் பருவத்திலுள்ள இரண்டு மூன்று பேடுகளை வாங்கி வளர்ப்பது மேல். அம்மம்மாவுக்கும் பேரனுக்கும் கூட்டைத் திறந்து சூடான முட்டையை எடுக்கும் மகிழ்ச்சி அதிலும் கிடைக்கும்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது பழமொழி. தாய்க்கோழி இல்லாத இடத்தில் அப்பொறுப்பை ஏற்பவர், மிதியாமல் நடக்கக் கற்றுக்கொண்ட பின்னரே அடைவைத்தல் முறை.

ஒலி முறைப்பாடு தொடர்பான ஐயங்களை நகரசபையின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவிடம் கேட்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையெனின் அழைக்கும்போதே தெரிவிக்கவும்.