பெரிய இன்ஜினுக்கு இடம் செய்யும் கலை



எங்கள் தெருக்கோடியில் ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அங்கே சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அம்பாசிடர் காரின் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றுவது அப்போது பரவலாக நடந்த வேலை. செயின் பிளாக்கில் தொங்கும் இன்ஜின் அங்குலம் அங்குலமாக இறங்கி மவுண்டிங்கில் உட்காரும். வேலை முடிந்தது என்று சுற்றி நிற்கும் நாங்கள் நினைப்போம். மேஸ்திரி மட்டும் பத்தடி பின்னால் போய் நின்று காரின் மூக்கைப் பார்ப்பார். டீசல் இன்ஜின் கனம் கூடியது, மூக்கு தாழ்ந்திருக்கும். முன்பக்கத்து டார்ஷன் பாரை ஏற்றச் சொல்வார். ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்ப்பார். அவருடைய வேலை அங்கேதான் தொடங்கும்.

இன்றைக்கு நான் பேச வந்தது அதே வேலையின் இன்னொரு வடிவத்தைப் பற்றி. அம்பாசிடருக்கு டீசல் இன்ஜின் ஏற்றியவர்கள் எரிபொருள் செலவை மிச்சம் பிடிக்க ஏற்றினார்கள். அமெரிக்காவில் டிராக் ரேஸ் ஓட்டுகிறவர்கள் நொடியை மிச்சம் பிடிக்கப் பெரிய இன்ஜினை ஏற்றுகிறார்கள். இது முரட்டுத்தனமான பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. இதற்குள் நுட்பமான ஒரு கைத்தொழில் இருக்கிறது, அதை மதிப்பிட ஓர் அளவுகோலும் இருக்கிறது என்பதுதான் என் கருத்து.

டிராக் ரேஸ் என்பது நேர்கோட்டுப் பந்தயம். இரண்டு கார்கள் அருகருகே நிற்கும். விளக்கு பச்சையானதும் பாயும். கால் மைல், அதாவது 402 மீட்டர், இதுதான் மரபான தூரம். வளைவு கிடையாது, இரண்டாவது சுற்று கிடையாது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளிலும் விமான ஓடுபாதைகளிலும் இளைஞர்கள் இந்தப் பந்தயத்தை வளர்த்தார்கள். 1950இல் சான்டா அனா விமான நிலையத்து ஓடுபாதையில் டிக்கெட் போட்டுப் பந்தயம் நடந்தது. தெருவில் ஓட்டிச் சாகாமல் ஒழுங்கான இடத்தில், விதிகளோடு ஓட்டட்டும் என்று 1951இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார்.

அந்த இளைஞர்களிடம் பணம் குறைவு. பழைய இரும்புக் கடைகளோ நிறைய இருந்தன. 1949இல் கேடிலாக், ஓல்ட்ஸ்மொபில் கார்களில் புது வகை வி-8 இன்ஜின்கள் வந்தன. 1951இல் கிரைஸ்லரின் ஹெமி வந்தது. விபத்தில் நொறுங்கிய பெரிய காரிலிருந்து அந்த இன்ஜினைக் கழற்றி, இருபது வருடப் பழைய ஃபோர்டின் இலேசான உடம்பில் வைத்தார்கள். பணக்காரர் வீட்டுக் காருக்காகச் செய்த இருதயம் ஏழை வீட்டுக் காரில் துடிக்கத் தொடங்கியது.

பெரிய இன்ஜின் ஏன் வேண்டும்? இன்ஜின் என்பது அடிப்படையில் காற்றை விழுங்கும் கருவி. எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறதோ அவ்வளவு எரிபொருளைத்தான் அது எரிக்க முடியும். 7 லிட்டர் இன்ஜின் ஒன்று நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அது 7 லிட்டர் காற்றை உள்ளே எடுக்கும். கணக்குப் போட்டால் ஒரு நிமிடத்துக்கு 24,500 லிட்டர். பத்தடிக்குப் பத்தடி உள்ள ஒரு அறையின் காற்று ஏறக்குறைய முழுவதும் ஒரே நிமிடத்தில் அந்த இரும்புக்குள் போய் வருகிறது. இந்த வேட்கையைக் கூட்டுவதற்கு இருப்பதிலேயே நேரான வழி சிலிண்டரின் கொள்ளளவைக் கூட்டுவது.

அதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். முதலாவது, இருக்கிற இன்ஜினையே உள்ளுக்குள் பெரிதாக்குவது. செவ்ரோலே நிறுவனத்தின் 350 கன அங்குல இன்ஜின், அதாவது 5.7 லிட்டர் இன்ஜின், இதற்குப் பேர்போனது. சிலிண்டரை 4 அங்குலத்திலிருந்து 4.03 அங்குலத்துக்குக் குடைந்து அகலமாக்குவார்கள். அதே நிறுவனத்தின் 400 கன அங்குல இன்ஜினில் உள்ள கிராங்கை இதற்குள் போடுவார்கள். பிஸ்டனின் ஓட்டம் 3.48 அங்குலத்திலிருந்து 3.75 அங்குலமாக நீளும். கணக்கிட்டுப் பார்த்தால் 383 கன அங்குலம். வெளியில் நின்று பார்ப்பவருக்கு அது பழைய இன்ஜினேதான். உள்ளே, கனெக்டிங் ராடின் போல்ட் பிளாக்கின் கீழ் விளிம்பில் உரசும். அந்த இடத்தை அரத்தாலோ கிரைண்டராலோ தேய்த்து வழிவிட வேண்டும். கேம் ஷாஃப்டோடு இடிக்கிறதா என்று கிராங்கைக் கையால் சுற்றி, ஒவ்வொரு சிலிண்டராகப் பார்க்க வேண்டும். கால் அங்குல ஓட்டம் கூடுவதற்கு இத்தனை விசாரணை.

இரண்டாவது வழி, இன்ஜினையே மாற்றுவது. இதைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம்.

தெரிந்த கைகள் முழு இன்ஜினை முதலில் தூக்குவதே இல்லை. பிஸ்டனும் கிராங்கும் இல்லாத வெற்று பிளாக், அதன்மேல் ஹெட், பின்னால் வெற்று கியர் பாக்ஸ் கூடு. இலேசான இந்தப் பொம்மையைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்குவார்கள். ஆயில் சம்ப் குறுக்குச் சட்டத்தில் முட்டுகிறதா? ஸ்டியரிங் கம்பி முழுதாகத் திரும்புகிறதா? டிஸ்ட்ரிபியூட்டர் பின்சுவரில் இடிக்கிறதா? எட்டு ஸ்பார்க் பிளக்குக்கும் ஸ்பானர் நுழைகிறதா? கடைசிக் கேள்வியை மறந்தவர்கள், பிற்பாடு பந்தயத் திடலில் ஒரு பிளக்கைக் கழற்ற முழுப் புகைக்குழாயையும் கழற்றியிருக்கிறார்கள்.

பிறகு சாய்வு. இன்ஜின் மட்டமாக உட்காரக் கூடாது. பின்பக்கம் சில டிகிரி தாழ வேண்டும். அந்தக் கோணமும் பின் ஆக்சிலில் உள்ள பினியனின் கோணமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் நடுவில் ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்ட் அதிராமல் சுற்றும். பானெட் மூடுமா என்று பார்க்க ஓர் எளிய உபாயம் உண்டு. கார்புரேட்டர்மேல் ஒரு உருண்டை களிமண்ணை வைத்துப் பானெட்டை மூடித் திறப்பார்கள். நசுங்கிய களிமண்ணைக் கத்தியால் வெட்டித் தடிமனை அளந்தால் மிச்சமிருக்கும் இடைவெளி தெரிந்துவிடும். அதையும் அப்படியே நம்பிவிட மாட்டார்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் தன் முறுக்கின் எதிர்விசையில் ஒரு பக்கம் எழும். நிற்கிற காரில் அளந்த இடைவெளி ஓடுகிற காரில் இருக்காது. அதனால்தான் பந்தயக் காரில் ரப்பர் மவுண்டிங்கை எடுத்துவிட்டு, இன்ஜினின் முன்முகத்தில் குறுக்கே ஓர் அலுமினியத் தகட்டைக் கொடுத்துச் சட்டத்தோடு இறுக்குகிறார்கள்.

இன்ஜின் உட்கார்ந்தாயிற்று. இனி விசை போகும் வழி. கிளட்ச், கியர் பாக்ஸ், ஷாஃப்ட், கிரவுன்–பினியன், ஆக்சில், டயர் என்று வரிசையாக ஒன்று மற்றொன்றின் கையில் விசையைக் கொடுக்கிறது. பழைய இன்ஜினுக்குப் போதுமானதாக இருந்த ஒவ்வொன்றும் புதியதன் முன்னால் சோதனைக்கு வருகிறது. கியர் பாக்ஸைப் பலப்படுத்தினால் ஆக்சில் முறியும். லாரிகளுக்காகச் செய்த டானா 60 ஆக்சிலைப் போட்டால் டயர் வழுக்கும். அகலமான மிருது டயரைப் போட்டால், அது தரையை விடாமல் பிடிப்பதாலேயே அதிர்ச்சி திரும்பிப் போய் ஷாஃப்டைத் தாக்கும். பேட்டரியை முன்னாலிருந்து எடுத்து டிக்கியில் வலது பக்கம் வைப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். சுற்றும் ஷாஃப்டின் முறுக்கு வலது பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். அதை அழுத்திப் பிடிக்கத்தான் அந்தப் பாரம். கனமான இன்ஜின் முன்னால் ஏறியதற்கு, பின்னால் ஈடு செய்கிறார்கள்.

உடைந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியும் இதே வேலையின் பகுதி. டான் கார்லிட்ஸ் என்ற பெயர் இந்தப் பந்தயத்தில் மிகப் பெரியது. 1970 மார்ச்சில், கலிபோர்னியாவின் லாங் பீச்சை ஒட்டி அன்று இருந்த லயன்ஸ் திடலில், புறப்படும் கோட்டிலேயே அவருடைய டிராக்ஸ்டரின், அதாவது இந்தப் பந்தயத்துக்கென்றே கட்டிய காரின், டிரான்ஸ்மிஷன் வெடித்தது. கார் இரண்டு துண்டானது. அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. அந்தக் காலத்து டிராக்ஸ்டரில் இன்ஜினும் கியர் பாக்ஸும் முன்னால், ஓட்டுநர் அவற்றுக்குப் பின்னால். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கார்லிட்ஸ் இன்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோன புதிய காரைக் கட்டினார். 1971இல் அந்தக் காரில் வென்றும் காட்டினார். சில ஆண்டுகளில் எல்லாரும் அந்த அமைப்புக்கு மாறிவிட்டார்கள். இன்ஜினை எங்கே வைப்பது என்ற ஒரு முடிவு எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இந்தக் கலையின் உச்சம் எது என்று கேட்டால் நான் 1972ஆம் ஆண்டைச் சொல்வேன். ‘கிரம்பி’ என்று ரசிகர்கள் அழைத்த பில் ஜென்கின்ஸ், பென்சில்வேனியாவின் மால்வெர்ன் ஊர்க்காரர். ‘புரோ ஸ்டாக்’ என்ற பிரிவு 1970இல் தொடங்கியபோது முதல் இரண்டு பெரும் பந்தயங்களையும் 427 கன அங்குல கமேரோ காரில் அவர்தான் வென்றார். அதன் பிறகு கிரைஸ்லரின் 426 ஹெமி கார்கள் அந்தப் பிரிவையே கையில் எடுத்துக்கொண்டன. விதிப்படி காரின் எடை இன்ஜினின் கொள்ளளவைப் பொறுத்தது. ஒரு கன அங்குலத்துக்கு 7 பவுண்டு. 1972இல் சிறிய இன்ஜின் கொண்ட சிறிய கார்களுக்கு இந்தக் கணக்கில் சற்றுச் சலுகை கிடைத்தது.

ஜென்கின்ஸ் செவ்ரோலே வேகாவை எடுத்தார். 2.3 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினோடு கடைக்குப் போய்வர விற்ற சின்னக் கார். அதில் 331 கன அங்குல வி-8 இன்ஜினை வைத்தார், அதாவது 5.4 லிட்டர். அந்தக் காரின் பிறவி இன்ஜினைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எதிரில் நின்ற 7 லிட்டர் ஹெமியோடு ஒப்பிட்டால் அது சிறியது, விதிப்படி காரின் எடையும் முந்நூறு கிலோவுக்கு மேல் குறைவு. கலிபோர்னியாவின் போமோனாவில் நடந்த ஆண்டின் முதல் பந்தயத்தை வென்றார். அந்த ஆண்டு நடந்த எட்டுத் தேசியப் பந்தயங்களில் ஆறு அவருக்கு.

நேயர்களே, இதில் ஒரு பாடம் இருக்கிறது. பெரிய இன்ஜின் என்பது தனியாக ஓர் அளவு அல்ல. எந்த உடம்புக்குப் பெரியது, எந்த விதிக்குள் பெரியது என்று கேட்டுத்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் காண வேண்டும். ஜென்கின்ஸ் அதோடு நிற்கவும் இல்லை. 1974இல் முழுக்க எஃகுக் குழாய்ச் சட்டத்தில் இன்னொரு வேகாவைக் கட்டினார். எண்ணெயைத் தனித் தொட்டியில் வைத்து இன்ஜினின் ஆழமான சம்பை ஒழித்தார். அதனால் இன்ஜினை இன்னும் தாழ்வாக உட்கார வைக்க முடிந்தது. இன்ஜினுக்காகக் காரை வெட்டிய காலம் போய், இன்ஜினைச் சுற்றியே காரைக் கட்டும் காலம் வந்தது. 1982இல் விதி மாறி, எல்லாருக்கும் 500 கன அங்குலம் என்று ஆனபோது பெரிய இன்ஜின்கள் திரும்பி வந்தன. ஜென்கின்ஸ் காட்டிய கட்டுமான முறைதான் அவற்றையும் தாங்கியது.

இந்த வேலையை எப்படி மதிப்பிடுவது? திடலின் முடிவில் ஓட்டுநர் கையில் ஒரு சின்னச் சீட்டு கொடுப்பார்கள். முதல் 60 அடியைக் கடந்த நேரம், கால் மைலைக் கடந்த மொத்த நேரம், கடைசி 66 அடியில் அளந்த வேகம் எல்லாம் அதில் இருக்கும். கடைசி வேகம் இன்ஜினின் பலத்தைச் சொல்லும். முதல் 60 அடி, அந்தப் பலத்தைக் கார் தரையில் இறக்கிய திறமையைச் சொல்லும். பெரிய இன்ஜின் ஏற்றிய பிறகு கடைசி வேகம் கூடியும் மொத்த நேரம் குறையவில்லை என்றால், இன்ஜின் வந்து சேர்ந்துவிட்டது, கார் இன்னும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். பணம் கொடுத்தால் கடைசி வேகத்தை வாங்கிவிடலாம். அந்த முதல் 60 அடியை, அதாவது வெறும் 18 மீட்டரை, கை உழைப்பால்தான் சம்பாதிக்க வேண்டும். என் மதிப்பீட்டில் இந்தக் கலையின் தரம் அந்த 18 மீட்டரில் இருக்கிறது.

பானெட்டைத் திறந்து பளபளக்கும் இரும்பைக் காட்டுபவரைக் கூட்டம் சூழ்ந்துகொள்ளும். நான் தேடுவது வேறொருவரை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சீட்டில் 60 அடி நேரத்தை முதலில் படித்துவிட்டு, காருக்கு அடியில் படுத்து, வெல்டு வைத்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பவர் அவர். எங்கள் தெருக்கோடி மேஸ்திரி டிராக் ரேஸ் பார்த்ததில்லை. பத்தடி தள்ளி நின்று காரின் மூக்கைப் பார்த்த அந்தப் பார்வை, போமோனாவில் வென்ற அந்தச் சின்ன வேகாவைக் கட்டியவரின் பார்வைதான்.