நம் ஊர்ச் செய்தி நம் மொழியில்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் இல்லங்களுக்கு நாள்தோறும் இருவகைச் செய்தித்தாள்கள் வருகின்றன. கோவையிலிருந்து வரும் தாளில் தமிழ் உண்டு, நல்லேப்பிள்ளி இல்லை. பாலக்காட்டிலிருந்து வரும் தாளில் நல்லேப்பிள்ளி உண்டு; தமிழ் இல்லை. இவ்விரண்டிற்கும் இடையே நாம் நிற்கின்றோம்.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனின் மேற்பகுதியிலுள்ள வேல்ஸ் நாட்டில், ஆங்கிலத்தின் நடுவே தாய்மொழியைப் போற்றி வாழும் மக்கள் உள்ளனர். 1932இல் அவர்கள் மொழியில் தோன்றிய 'கம்ரோ' என்னும் வார இதழ் 2017இல் நின்றது. 2018இல் மாத இதழாக மீண்டும் எழுந்தது. அதனினும் நாம் கருதத்தக்கவை அவர்களுடைய வட்டார இதழ்கள். 1973இல் கார்டிஃப் நகரில் முதல் இதழ் பிறந்தது; பின்னர் ஊர்தோறும் பரவிற்று. ஊதியம் பெறாத ஆர்வலர்களே எழுதுகின்றனர், அவர்களே விற்கின்றனர். பிறப்பும் மணமும் இறப்பும் பள்ளி விழாவும் அவற்றில் இடம்பெறுகின்றன. பெரிய தாள்கள் ஒதுக்கும் செய்திகளே அவற்றின் உயிர்.

நம்மவரும் இதனை அறியாதவர் அல்லர். 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்கள் 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார். 1890 வரை அது நடைபெற்றது. 1951இல் 'தினமலர்' பிறந்தது திருவனந்தபுரத்தில். 1956இல் மாநில எல்லைகள் மாறின. மறு ஆண்டே அத்தாள் திருநெல்வேலிக்குச் சென்றது. நாம் இங்கேயே இருக்கின்றோம்.

நம் வயல்கள் ஆழியாற்று நீரை நம்பியுள்ளன. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவில் நமக்கு வரவேண்டும். நீர் என்று திறக்கப்படும், எந்த வாய்க்காலுக்கு முறை என்பதை அறிய, தமிழ் மட்டுமே படித்த உழவர் அண்டை வீட்டாரைக் கேட்கின்றார். நம் வீடுகளில் பாட்டி மலையாள எழுத்து அறியார்; பேரன் தமிழ் எழுத்து அறியான். இருவரும் ஒரே திண்ணையில் அமர்ந்தும் ஒரே தாளைப் படிக்க இயலவில்லை.

ஆதலின் நம் சங்கம் நான்கு பக்கத்தில் ஓர் இதழ் வெளியிடுதல் வேண்டும். நான்கு வாரத்தில் நின்றுவிடும் வார இதழினும், பல்லாண்டு நிலைக்கும் மாத இதழே மேல். மாதந்தோறும் வீட்டுக்கு ஒரு செய்தி தாருங்கள். அதனைப் பாட்டி சொல்லட்டும். பேரன் தமிழில் எழுதட்டும். பிழை இருப்பின் நாம் திருத்திக் கொள்வோம். எழுதாதிருப்பின் திருத்துவதற்கு ஒன்றும் இராது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!