ஒரே டம்ளர்

தோழர்களே, போன மாதம் ஒரு நடைக்குழுவோடு கொல்லிமலை போனேன். ஆகாயகங்கைப் படிகளில் மூச்சுவாங்க ஏறும்போது ஒருவர் ஊரைக் கேட்டார், பிறகு தெருவைக் கேட்டார். சொன்னேன். அதுவரை என் பாட்டிலில் தண்ணீர் குடித்தவர் அப்புறம் வாங்கவே இல்லை.

1934இல் அம்பேத்கரும் தோழர்கள் சுமார் 30 பேரும் தௌலதாபாத் கோட்டையைப் பார்க்கப் போனார்கள். வாசல் குளத்தில் முகம், கால் கழுவியதற்கே தீட்டாகிவிட்டதென்று கூச்சல். கடைசியில் உள்ளே விட்டார்கள். எங்கும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதத்தோடு ஒரு காவலாளும் கூட.

எங்கள் குழுவில் காவலாள் கிடையாது. "இங்கே யாரும் சாதி பார்ப்பதில்லை" என்பார்கள், அவ்வளவுதான். நான் விலகப்போவதில்லை, மலை என்ன அவர்கள் வாங்கிப்போட்டதா? ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு. நீங்களும் நாலைந்து பேராக வாருங்கள். 5 லிட்டர் கேனை நான் சுமந்து வருகிறேன், ஒரே டம்ளரோடு.