ஆசிரியருக்கு இடங்கொடுத்த வீடு

வேற்றூருக்குக் கற்பிக்கச் செல்லும் ஆசிரியரின் கையிலே நியமனக் கடிதம் ஒன்று இருக்கின்றது. எந்தப் பாடசாலையில், எந்தப் பாடத்தை, எந்த நாள் முதலாகக் கற்பிக்க வேண்டும் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். அன்றிரவு அவர் எங்கே உண்பார், எங்கே உறங்குவார் என்பது அதில் இராது. கடிதம் சொல்லாது விட்டதை நிறைவு செய்வது அவ்வூரிலுள்ள ஒரு குடும்பமே. அக்குடும்பம் ஆசிரியருக்கு அளிப்பது உணவும் உறையுளும் மட்டுந்தானா என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியிலே, முள்ளியவளையை அடுத்துள்ளது தண்ணீரூற்று. பெயரே அவ்வூரின் வளத்தைச் சொல்லிவிடுகின்றது. இவ்வூரிலும் இதனையொத்த வன்னியூர்களிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்த ஆசிரியர் பலர், தலைமுறை தலைமுறையாகக் கற்பித்திருக்கின்றனர். குடாநாட்டார்க்கு அக்காலத்து வன்னி என்றால் காடும் காய்ச்சலுமே நினைவுக்கு வந்தன. மலேரியா நோய் இலங்கையை விட்டு அகன்றதென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது 2016ஆம் ஆண்டிலேதான். ஆகவே பழைய அச்சம் காரணமற்றதன்று. அவ்வாறு அஞ்சி வந்தவருக்கு அறையொன்றை ஒழித்துக் கொடுத்து, வேளைக்கு உணவிட்டு, காய்ச்சல் கண்டபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள் இவ்வூர்க் குடும்பத்தினரே.

கிணற்றையும் தோட்டத்தையும் நம்பிய மண்ணிலிருந்து வந்தவர், குளத்தையும் வயலையும் நம்பிய மண்ணை இவ்வீட்டு முற்றத்திலிருந்தே அறியத் தொடங்குகின்றார். காலபோகம் எப்போது விதைக்கப்படும், அறுவடைக் காலத்தில் வகுப்பிலே பிள்ளைகள் ஏன் குறைவர் என்பனவெல்லாம் இராச்சாப்பாட்டின்போது தெரியவருகின்றன. ஒரு மாணவன் காலையிலே வகுப்பில் கண்ணயர்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். தனியறையில் வாழும் ஆசிரியர் அவனைச் சோம்பேறி என்று எண்ணக்கூடும். வயல்செய்யும் வீட்டில் வாழும் ஆசிரியரோ, யானையும் பன்றியும் பயிரை அழியாதபடி இரவெல்லாம் காவலிருந்த தந்தைக்கு அவன் துணைபோயிருக்கலாம் என்று ஐயுறுவார். பிரம்பை எடுக்குமுன் விசாரிப்பார். வைகாசியிலே வற்றாப்பளைக் கண்ணகியம்மன் பொங்கல் வரும்போது, கடல்நீரை எடுத்துவந்து அந்நீரிலே விளக்கேற்றும் வழக்கத்தை அவர் கேள்வியால் அல்ல, வீட்டாருடன் சென்று கண்ணால் அறிகின்றார். கற்பிக்க வந்தவர் இவ்வாறு கற்பவராகின்றார்.

இது வன்னிக்கு மாத்திரம் உரிய செய்தியன்று. ஸ்பெயின் நாட்டின் பாடசாலைகளில் மொழியாசிரியருக்குத் துணைநின்று ஆங்கிலம் பேசிப் பழக்குவதற்காக, ஆண்டுதோறும் பிறநாட்டு இளைஞர் ஆயிரக்கணக்கானோர் அங்கே செல்கின்றனர். அவருட் சிலர் குடும்பங்களோடு தங்குகின்றனர். நண்பகல் உணவு இரண்டு மணிக்குப் பின்னரும், இரவுணவு ஒன்பது மணிக்குப் பின்னரும் வருவதைக் கண்டு முதல்வாரத்தில் அவர்கள் பசியோடு திகைப்பதுண்டு. உண்டபின் உடனே எழாது, மேசையைச் சுற்றியிருந்து நெடுநேரம் உரையாடும் வழக்கத்துக்கு அந்நாட்டார் 'சொப்ரமேசா' என்று பெயரே வைத்திருக்கின்றனர். வேலையிருக்கின்றதென எழுந்து செல்பவர், அவ்வீட்டின் சிறந்த வகுப்பைத் தவறவிட்டவராவார்.

முன்னிலையாரை அழைக்க ஸ்பானிய மொழியில் 'தூ', 'உஸ்தேத்' என இரு சொற்கள் உண்டு. முன்னது நெருக்கத்தையும் பின்னது மரியாதையையும் காட்டும். நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டிலே வளர்ந்த தமிழர்க்கு இது விளக்க வேண்டாதது. தண்ணீரூற்றிலே முதல்நாள் 'மாஸ்ரர்' என்று அழைத்த வீட்டுப் பெரியவர், சில மாதங்களின்பின் 'தம்பி' என்று அழைக்கத் தொடங்குவார். அந்த அழைப்பே அவர் வீட்டவரானார் என்பதற்குச் சான்று. இன்னொன்றும் உண்டு. ஸ்பெயினின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஸ்பானிய மொழியோடு பிற மொழிகளும் தத்தம் பிரதேசத்தில் ஆட்சிமொழியாக இடந்தருகின்றது. நூலிலே ஸ்பானியம் பயின்று கற்றலோனியாவுக்குச் செல்பவர், அடுக்களையிலே கற்றலான் மொழி ஒலிக்கக் கேட்கலாம். ஒரு நாட்டை ஒரே நிறமாக எண்ணியிருந்தவரை அவ்வடுக்களை திருத்திவிடுகின்றது.

ஆயினும் அன்பு மாத்திரம் போதாது, வரையறையும் வேண்டும். பிள்ளைகளோடு ஒரு மணிநேரம் ஆங்கிலம் பேசுவதற்கு ஈடாக அறை என்று தொடங்கிய ஒழுங்கு, மாலை முழுவதையும் விழுங்குமாயின், விருந்தினர் வேலையாளாகிவிடுவார். எத்தனை மணிநேரம், எந்நாள் ஓய்வு, உணவுச் செலவு யாருடையது என்பவற்றை முதலிலேயே பேசிக்கொள்வது இருவர்க்கும் மதிப்பு. வன்னியூரிலே இதற்கு வேறொரு முகம் உண்டு. தங்கும் வீட்டுப் பிள்ளையே வகுப்பிலும் மாணவனாயின், அவனுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு புள்ளியையும் ஊர் நிறுத்துப் பார்க்கும். உண்ட வீட்டுக்கு நன்றியும், வகுப்பிலுள்ள ஏனைய பிள்ளைகளுக்கு நீதியும் ஒருங்கே காத்தல் எளிதன்று. விளக்கு வெளிச்சத்தில் அவ்வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லும் பாடத்தை அயல்வீட்டுப் பிள்ளைகளும் வந்திருந்து கேட்கச் செய்வதே இதற்கு நல்ல வழி.

இடங்கொடுப்பவரும் இடங்கேட்பவரும் என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, தண்ணீரூற்று முஸ்லிம்களும் புத்தளம் முதலிய இடங்களிலே அயலார் நிலத்தில் வாழ நேர்ந்தது. 1995 ஒக்டோபர் இறுதியிலே இடம்பெயர்ந்த வலிகாமத்தாருட் பலர் பின்னர் வன்னியை அடைந்தபோது, முன்பு ஆசிரியருக்குத் திறந்த கதவுகள் குடும்பங்களுக்குத் திறந்தன. 2009ஆம் ஆண்டிலே அந்த வன்னி மக்களே வவுனியாவின் முகாம்களில் கூடாரங்களின்கீழ் இருந்தனர். இடங்கொடுத்தல் செல்வர் செய்யும் தயவன்று. மாறி மாறி வரும் கடன் என்பதை இவ்வூர் தன் வாழ்விலே கண்டிருக்கின்றது.

இன்று வன்னிப் பிள்ளைகளும் கற்கவும் கற்பிக்கவும் கடல்கடந்து செல்கின்றனர். அவர்களும் ஒரு நாள் அறியாத மேசையொன்றின் முன் அமர்வர். அறியாத உணவைச் சுவைத்துப் பார்க்கும் துணிவும், அறியாத சொல்லைத் திருப்பிக் கேட்கும் பணிவும் அவர்கட்கு வேண்டும். மாதமுடிவிலே கொடுக்கும் பணம் அறைக்கும் அரிசிக்கும் ஈடாகும். அவ்வீட்டார் ஊட்டிய அறிவுக்கோ, அதனை வகுப்பிலுள்ள பிள்ளைகட்குப் பயன்படச் செய்வதே ஈடு.