பேரிடர்க் காலப் பை: சில குடும்பங்களுக்குத் தனியாக ஏன்?
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இக்கடற்கரையில் எவரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சாலைகள் அறுந்தன, மின்சாரமும் தொலைபேசியும் நின்றன. ஸ்ரீவைகுண்டத்தில் இரயிலில் சிக்கிய பயணிகளை ஊரே கூடிக் காத்தது. அரிசியும் போர்வையும் பாலும் பல ஊர்களிலிருந்து வந்து குவிந்தன. உதவும் மனம் நம் மக்களிடம் குறைவில்லை. ஆனால், அந்த உதவி எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டையாக இருந்துவிடுகிறது என்பதே எங்கள் கவலை.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம், அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு ஆகியவற்றுடன் வாழும் பிள்ளைகளும் பெரியவர்களும் நம் மஹல்லாவிலும் இருக்கின்றனர். அவர்களுள் பலருக்கு வலிப்பு நோயும் உண்டு. வலிப்பு மாத்திரை திடீரென நின்றால், அடங்கியிருந்த வலிப்பு மீண்டும் கிளம்பும். ஓயாது தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மூன்று நாள் மருந்துக்கடை திறக்காவிட்டால் அக்குடும்பம் என்ன செய்யும்? விழுங்க இயலாத பிள்ளைக்கு நாம் கொடுக்கும் பிஸ்கட் மூச்சை அடைத்துவிடக் கூடும். வீட்டில் குறிப்பிட்ட இரண்டு உணவுகளை மட்டுமே உண்ணும் பிள்ளை, முகாமில் தரப்படும் பொட்டலத்தைப் பட்டினி கிடந்தாலும் தொடமாட்டான். கூட்டமும் கூச்சலும் தாளாமல் அவன் அலறும்போது, ‘பிள்ளையை வளர்த்த இலட்சணத்தைப் பார்’ என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. அந்தச் சொல்லுக்கு அஞ்சியே முழங்கால் நீரிலும் வீட்டை விட்டு வெளியேறாத தாய்மார்கள் இருக்கிறார்கள்.

ஆகவேதான் பொதுவான நிவாரணப் பொருட்களோடு நில்லாது, இக்குடும்பங்களுக்கென ஒரு பையை முன்கூட்டியே வழங்க எண்ணியுள்ளோம். தோளில் மாட்டக்கூடிய, நீர் புகாத பை. அதனுள் விசில், டார்ச், பவர் பேங்க், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், குளோரின் மாத்திரை ஆகியவை எல்லாப் பைகளிலும் இருக்கும். மற்றவை ஆளுக்கு ஆள் மாறும். மருத்துவர் சீட்டின் நகலுடன் ஏழு நாள் மருந்து, பெரியவர்களுக்கான டயப்பர், கஞ்சி மாவு, இரைச்சலைத் தடுக்கும் காதுக் கவசம், பேச வராதவர் விரல் வைத்துக் காட்டத் தண்ணீர், கழிப்பறை, வலி, உம்மா எனப் படம் வரைந்த அட்டை. அவன் எப்போதும் கையில் வைத்திருக்கும் பழைய துண்டோ பொம்மையோ இருந்தால் அதற்கும் இடம் விட வேண்டும். அது அற்பமன்று, முகாமில் அவனை உறங்க வைப்பது அதுவாகத்தான் இருக்கும். பெயர், இரத்த வகை, உறவினர் தொலைபேசி எண் எழுதிய அட்டையும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலும் உறையிட்டு வைக்கப்படும்.

இது அரசின் பொறுப்பல்லவா என்று சிலர் கேட்டனர். நியாயமான கேள்வி. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு, பேரிடரில் அவர்களுக்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அவர்களைப் பற்றிய பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அப்பதிவேட்டில் நம் பிள்ளைகளின் பெயர் இடம்பெற மனுச் செய்வதும் நம் வேலையே. ஆனால் வெள்ளத்தின் முதல் இரவில் கதவைத் தட்டக்கூடியவர் அடுத்த வீட்டுக்காரர்தாம்.

செலவைப் பற்றி ஒரு சொல். ஜகாத் பெறத் தகுதியுடைய குடும்பங்களுக்கு அதிலிருந்து வழங்கலாம். வசதியுள்ள வீட்டிலும் இத்தகைய பிள்ளை உண்டு; அவர்களுக்கும் பை தேவை. எனவே அதற்கெனப் பொது நன்கொடையில் தனிக் கணக்கு வைக்கப்படும்.

பெயர் கொடுக்கவே பலர் தயங்குகின்றனர். மூத்தவளின் நிக்காஹ் பேச்சு நடக்கையில் தம்பியின் நிலை வெளியே தெரியக்கூடாது என்று மறைக்கும் வீடுகளை நாம் அறிவோம். ஆகவே பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படாது, இவ்வறிக்கையிலும் அச்சிடப்படாது. பெண்கள் குழுவினர் இருவர் வீட்டிற்கு வந்து கேட்டு எழுதிக்கொள்வர். பையை வழங்கும்போது புகைப்படமும் எடுக்கப்படாது.

மருந்து காலாவதியாகும், பிள்ளை வளர்வான், டயப்பர் அளவும் மாறும். ஆதலால் ஆண்டிற்கு இருமுறை பைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஷஃபானில் பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. மழை பிறைக் கணக்கைப் பார்த்து வருவதில்லை என்பதால் மார்ச்சும் செப்டம்பரும் என முடிவு செய்துள்ளோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முதற்பைகள் வீடு சேர வேண்டுமாயின், பெயர்கள் ஆகஸ்டு மாத இறுதிக்குள் பெண்கள் குழுவிடம் வந்து சேர வேண்டும்.